643001ஐப் பிரித்து மேய்வது எப்படி: நீலகிரி, பழனி மலைப் பின்கோடுகளில் ஓர் எண்கணிதப் பயிற்சி

உதகமண்டலத்தின் பின்கோடு 643001. கொடைக்கானலுக்கு 624101. தபால் உறையில் இருக்கும்வரை இவை முகவரி. தாளில் எடுத்து வைத்தால் இரண்டு ஆறிலக்க முழு எண்கள், அவ்வளவுதான். ஓர் எண் எந்தெந்தப் பகா எண்களைப் பெருக்கினால் வருகிறது, அதற்கு எத்தனை காரணிகள், அவற்றைக் கூட்டினால் என்ன வரும், அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்பதையெல்லாம் பென்சிலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் ஏற்றம் இருக்கிறது. அங்கே மெதுவாகப் போவோம்.

பின்கோட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. நான்கிலக்க எண் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதில் முறை எதுவும் பழக்கத்துக்கு வராது. பத்திலக்க எண் கைக்கு அடங்காது. ஆறிலக்கம் நடுவில் நிற்கிறது. அதோடு, பக்கத்துப் பக்கத்து ஊர்களின் எண்கள் பார்க்க ஒரே சாயலில் இருந்தாலும் உள்ளுக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டே கிடையாது. 15.8.1972 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில் முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டத்தையும் கடைசி மூன்று அஞ்சலகத்தையும் குறிக்கும். நீலகிரிக்கு 643. கொடைக்கானல் திண்டுக்கல்லோடு சேர்ந்து 624. காரணிகளைப் பற்றி யாரும் யோசித்து வைத்த எண்கள் அல்ல என்பதால் பயிற்சிக்கு நேர்மையானவை.

தேவையானவை

கட்டம் போட்ட நோட்டு ஒன்று, ஏனென்றால் இலக்கங்கள் வரிசை பிசகினால் மொத்த வேலையும் வீண். சாதாரண கால்குலேட்டர் ஒன்று. 800 வரையுள்ள பகா எண்களின் பட்டியல் ஒன்று.

பட்டியலை நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள். 2 முதல் 800 வரை எழுதி, 2இன் மடங்குகள், 3இன் மடங்குகள், 5இன் மடங்குகள் என்று அடித்துக்கொண்டே வாருங்கள். 23இன் மடங்குகளோடு நிறுத்தலாம், ஏனென்றால் அடுத்த பகா எண்ணான 29இன் வர்க்கம் 841, பட்டியலைத் தாண்டிவிட்டது. மிஞ்சுபவற்றை எண்ணினால் 139 இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால் 91 (7×13), 119 (7×17), 221 (13×17), 323 (17×19), 391 (17×23), 437 (19×23), 667 (23×29) ஆகியவற்றில் ஏதோ ஒன்று தப்பித்திருக்கிறது. இவை பகா எண் போலவே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 1ஐச் சேர்க்கக் கூடாது.

எல்லை கட்டுதல்

வகுக்க ஆரம்பிப்பதற்கு முன் எதுவரை வகுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 801இன் வர்க்கம் 641601, 802இன் வர்க்கம் 643204. ஆகவே 643001இன் வர்க்கமூலம் 801க்கும் 802க்கும் நடுவில். ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடையும்போது இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியதாக இருக்க முடியாது. ஆக 801 வரையுள்ள பகா எண்களில் ஒன்றுகூட வகுக்காவிட்டால் 643001 பகா எண். பட்டியலிலுள்ள 139தான் மொத்த வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் உதகை ஏறும் ஐந்து மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஆனால் அவ்வளவு பாடு இந்த எண்ணுக்குத் தேவைப்படாது.

சின்ன பகா எண்கள்

கடைசி இலக்கம் 1. எனவே 2, 5 வகுக்காது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 6+4+3+0+0+1 = 14. அது 3இன் மடங்கு அல்ல, எனவே 3ம் இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்க்கலாம். 7×11×13 = 1001 என்பதே இதன் சூட்சுமம். எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, வலது துண்டிலிருந்து இடது துண்டைக் கழியுங்கள்: 001 − 643 = −642. குறியை விட்டுவிட்டு 642ஐ மட்டும் வகுத்தால், 7ஆல் மீதி 5, 11ஆல் மீதி 4, 13ஆல் மீதி 5. மூன்றும் அடிபட்டன.

இங்கே புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று. நாம் காற்புள்ளி போடுவது 6,43,001 என்று. லட்சக் கணக்குக்கு அது சரி. இந்தச் சோதனைக்கு மும்மூன்றாகப் பிரிக்க வேண்டும்; 6, 43, 001 என்று மூன்று துண்டாக்கிக் கழித்தால் விடை தப்பு. 643 001 என்று நடுவில் இடம் விட்டு எழுதும் தபால் வழக்கம் இதற்குத் தோதாக அமைந்துவிட்டது.

அதே இரண்டு துண்டுகளைக் கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 37க்கான சோதனை (999 = 27×37). 643 + 1 = 644. 37×17 = 629, மீதி 15. 37ம் இல்லை.

கடைசி இலக்கத்தை வெட்டும் முறை

17, 19, 23 என்று மேலே போகும்போது ஒவ்வொன்றுக்கும் நீள்வகுத்தல் போட்டால் சலித்துப்போகும். கடைசி இலக்கத்தை வெட்டி, அதன் ஒரு குறிப்பிட்ட மடங்கை முன்பகுதியோடு கூட்டவோ கழிக்கவோ செய்யும் முறை வேகமானது. எந்த மடங்கு என்பது வகுக்கும் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்தது.

1இல் முடிந்தால் அந்த 1ஐ நீக்கியது மடங்கு, கழிக்க வேண்டும்: 31க்கு 3, 41க்கு 4, 61க்கு 6.

9இல் முடிந்தால் ஒன்று கூட்டிப் பத்தால் வகுத்தது மடங்கு, கூட்ட வேண்டும்: 19க்கு 2, 29க்கு 3, 59க்கு 6.

3இலோ 7இலோ முடிந்தால் முதலில் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். 83×3 = 249, ஒன்பதில் முடிகிறது, எனவே 25 மடங்கு கூட்ட வேண்டும். 17×3 = 51, ஒன்றில் முடிகிறது, எனவே 5 மடங்கு கழிக்க வேண்டும்.

17ஐச் செய்து பார்ப்போம். 643001: 64300 − 5 = 64295. மறுபடி: 6429 − 25 = 6404. மறுபடி: 640 − 20 = 620. கடைசிப் பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டால் 62. அது 17இன் மடங்கு அல்ல. அடுத்தவரைப் பார்க்கலாம்.

இந்த முறை 'ஆம், இல்லை' மட்டுமே சொல்லும். 62ஐ 17ஆல் வகுத்தால் 11 மீதி வருகிறது. 643001இன் உண்மையான மீதி 10. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மீதியே வேண்டுமென்றால் கால்குலேட்டரை எடுங்கள். 643001 ÷ 53 = 12132.094…, முழுப் பகுதியை விட்டுவிட்டுத் தசமப் பகுதியை 53ஆல் பெருக்கினால் 5ஐ ஒட்டி ஏதோ ஒன்று வரும். எட்டு இலக்கக் கால்குலேட்டரில் 4.982 என்று காட்டும், போனில் 5.00002 என்று காட்டலாம். இரண்டுக்கும் பொருள் மீதி 5 என்பதே. தசமம் .99999 என்று வந்தால் மீதி இல்லை என்று நினைத்துவிடாமல், முழு எண்ணாக ஒருமுறை பெருக்கிச் சரிபாருங்கள். 43, 47, 53 போன்றவற்றுக்கு வெட்டும் மடங்கு 13, 14, 16 என்று பெரிதாவதால் கால்குலேட்டரே சுலபம்.

19, 23, 29, 31, 41, 43, 47, 53, 59 எல்லாம் கைவிரிக்கும். 61க்கு வருவோம். ஆறு மடங்கு கழிக்க வேண்டும்.

64300 − 6 = 64294
6429 − 24 = 6405
640 − 30 = 610
61 − 0 = 61

கிடைத்துவிட்டது. இது ஏன் வேலை செய்கிறது? முன்பகுதியிலிருந்து கடைசி இலக்கத்தின் 6 மடங்கைக் கழித்து, விடையைப் பத்தால் பெருக்கினால், பழைய எண்ணிலிருந்து கடைசி இலக்கத்தின் 61 மடங்கைக் கழித்ததுதான் வரும். பழைய எண்ணில் 61 இருந்தால் புதியதிலும் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது.

643001 = 61 × 10541. இனிமேல் 643001ஐ மறந்துவிடுங்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு, ஒரு காரணி கிடைத்த பிறகும் பழைய எல்லையையே பிடித்துக்கொண்டு 797 வரை போவது. 10541க்கு வர்க்கமூலம் 102க்கும் 103க்கும் நடுவில். எல்லை 801லிருந்து 102க்கு இறங்கிவிட்டது. மறுபடி 2லிருந்து தொடங்கவும் வேண்டாம், 59 வரை வகுக்காதது இங்கும் வகுக்காது. ஆனால் 61ஐ மட்டும் இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும், ஒரே பகா எண் இரண்டு முறை வரலாம் அல்லவா? 61×172 = 10492, மீதி 49. இல்லை. 67, 71, 73, 79 இல்லை. 83க்கு 25 மடங்கு கூட்டுங்கள்: 1054 + 25 = 1079; 107 + 225 = 332; 332 = 83×4. ஆக 10541 = 83 × 127.

643001 = 61 × 83 × 127

139 சோதனை என்று பயந்த வேலை, 61 பதினெட்டாவது பகா எண் என்பதால் இருபத்து சொச்சத்தில் முடிந்தது. மூன்று வெவ்வேறு பகா எண்கள் வந்தது அதிசயமும் அல்ல. ஓர் எண்ணின் வெவ்வேறு பகாக் காரணிகள் பெரும்பாலும் அந்த எண்ணின் இயல்மடக்கைக்கு (கால்குலேட்டரில் ln) மறுபடி இயல்மடக்கை எடுத்தால் வருமே, அதைச் சுற்றித்தான் இருக்கும் என்று ஹார்டியும் ராமானுஜனும் 1917இல் நிறுவினார்கள். 643001க்கு அந்த அளவு ஏறக்குறைய 2.6.

சரிபார்த்தல்

ஒன்பதைத் தள்ளிச் சரிபார்ப்பது பழைய முறை. 643001இன் இலக்கக் கூட்டு 14, மறுபடி கூட்டினால் 5. 61 → 7, 83 → 2, 127 → 1. 7×2×1 = 14 → 5. பொருந்துகிறது. ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். 643001ஐ 634001 என்று இலக்கம் மாற்றி எழுதியிருந்தாலும் இந்தச் சோதனை சரி என்றே சொல்லும், ஏனென்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 9000. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதுதான் கையெழுத்தில் அதிகம் வரும் பிழை. அதைப் பிடிக்கப் பதினொன்றைத் தள்ளுங்கள். 643001ஐ 11ஆல் வகுத்தால் மீதி 7. 61, 83, 127 மூன்றுமே 11ஆல் மீதி 6 தருகின்றன (தற்செயல்தான், ஆனால் அழகு). 6×6×6 = 216, அதை 11ஆல் வகுத்தால் மீதி 7. இரண்டும் பொருந்தினால் நிம்மதியாக அடுத்ததுக்குப் போகலாம்.

பகாக் காரணிகளிலிருந்து மற்றவை

உடைப்பதுதான் கஷ்டம். உடைத்த பிறகு மற்றதெல்லாம் கடகடவென்று வரும்.

எத்தனை காரணிகள்? ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள். இங்கே மூன்றும் ஒரே முறை வருவதால் 2×2×2 = 8. அவை 1, 61, 83, 127, 5063, 7747, 10541, 643001.

காரணிகளின் கூட்டுத்தொகை: 62 × 84 × 128 = 666624. அதிலிருந்து எண்ணையே கழித்தால் 23623. தன்னைவிட மிகச் சிறியது, ஆகவே 643001 ஒரு குறைவெண். (128 என்பது 2இன் ஏழாம் அடுக்கு. 127 அதைவிட ஒன்று குறைவு, மெர்சேன் பகா எண் என்ற சின்னக் குடும்பத்தைச் சேர்ந்தது.)

643001ஐவிடச் சிறிதாகவும் அதோடு பொதுக் காரணி இல்லாமலும் எத்தனை எண்கள் உண்டு? 60 × 82 × 126 = 619920. 1ஐ 643001ஆல் வகுத்தால் தசம இலக்கங்கள் எப்போது திரும்ப வரும்? 61க்குச் சுழற்சி 60 இலக்கம், 83க்கு 41, 127க்கு 42. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 17220. அத்தனை இலக்கம் கடந்துதான் தசமம் மறுபடி தொடக்கத்துக்கு வரும்.

கூடலூரின் 643212ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரட்டை எண், கடைசி இரண்டு இலக்கம் 12 என்பதால் 4ஆல் வகுபடும், இலக்கக் கூட்டு 18 என்பதால் 9ஆலும் வகுபடும். 36ஐ எடுத்துவிட்டால் 17867, அது 17×1051. ஆக 643212 = 2² × 3² × 17 × 1051. காரணிகள் 3×3×2×2 = 36. உதகைக்கு எட்டு, இதற்கு முப்பத்தாறு! கூட்டுத்தொகை கணக்கிடும்போது கவனம் தேவை. 2² வரும் இடத்தில் 2+1 = 3 என்று போடக் கூடாது; 1+2+4 = 7 போட வேண்டும். 3²க்கு 1+3+9 = 13. எனவே 7 × 13 × 18 × 1052 = 1723176. எண்ணைக் கழித்தால் 1079964, எண்ணைவிடப் பெரிது, ஆகவே மிகையெண். தன் இலக்கக் கூட்டான 18ஆல் மீதியின்றி வகுபடுவதால், தேவளாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர் 'ஹர்ஷத்' என்று பெயரிட்ட எண்களிலும் இது ஒன்று.

காரணி நிறைய இருப்பது வெறும் அழகுக்கு அல்ல. உதகை அருகே முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியில் 1056 இருமுனை அலைவாங்கிகள் வரிசையாக உள்ளன. 1056 = 2⁵ × 3 × 11, காரணிகள் 24. அதனால்தான் அதை 48 வீதம் 22 தொகுதிகளாக, வடக்கே 11 தெற்கே 11 என்று மிச்சமில்லாமல் பிரிக்க முடிகிறது. 1051 போன்ற பகா எண்ணை வைத்துக்கொண்டு இப்படிப் பங்கு போட வழியே இல்லை.

கொடைக்கானல்: வகுப்பதற்கு முன் பாருங்கள்

624101க்கு இதே வழியில் போனால் பாடுதான். 7, 11, 13 இல்லை, 37 இல்லை, 61 இல்லை, 79 இல்லை (மீதி 1, ஆசை காட்டிவிட்டு ஏமாற்றும்), 101 இல்லை, 199 இல்லை. அறுபதாவது பகா எண்வரை போனால்தான் விடை. பாதியில் சோர்ந்துபோய் 'இது பகா எண்தான்' என்று எழுதிவிடுபவர்களே அதிகம்.

பென்சிலை வைத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். எல்லை கட்டுவதற்காக வர்க்கமூலம் எடுத்தபோதே ஒன்று கண்ணில் பட்டிருக்க வேண்டும். 79இன் வர்க்கம் 6241. 790இன் வர்க்கம் 624100. ஆக

624101 = 790² + 1²

ஓர் எண் 'ஏதோ ஒன்றின் வர்க்கம் கூட்டல் 1' என்று அமைந்தால் பகா எண்களில் பாதி, விசாரணையே இல்லாமல் வெளியே போய்விடும். 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வர்க்கத்தை 7ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 2, 4 மட்டுமே வரும். ஒன்று கூட்டினால் 7 வகுக்க வேண்டுமென்றால் மீதி 6 வர வேண்டும், அது வருவதே இல்லை. 3க்கு மீதி 2 வேண்டும். வர்க்கங்கள் 0, 1 மட்டுமே தரும். 11க்கு மீதி 10 வேண்டும், அதுவும் வராது. மாறாக 5க்கு வேண்டிய மீதி 4 வரும், 13க்கு வேண்டிய 12 வரும். பொது விதி இது: 4ஆல் வகுத்தால் 3 மீதி தரும் எந்தப் பகா எண்ணும் இப்படிப்பட்ட எண்ணை வகுக்காது. காரணம் ஃபெர்மாவின் சிறு தேற்றம்: ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. அப்படி ஒரு பகா எண் வகுத்தால் வர்க்கத்தின் மீதி −1ஆக இருக்கும். அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்துப் பாதியாக்கினால் ஒற்றைப்படை எண் வரும். வர்க்கத்தை அத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் மீதி −1. தேற்றமோ அது 1ஆக இருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் சேர்ந்து நிற்காது.

ஆக 7, 11, 19, 23, 31, 43, 47 என்று எல்லாம் கழிந்தன. மிஞ்சியவை 5, 13, 17, 29, 37, 41, 53, 61, 73… அறுபது சோதனை 28 ஆகிவிட்டது.

இதைவிடவும் குறுக்குவழி உண்டு. 624101ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இன்னொரு விதத்தில் எழுத முடிந்தால், ஆய்லர் காட்டிய வழியில் காரணி தானாக விழும். இன்னொரு விதம் இல்லவே இல்லை என்றால் எண் பகா எண். எப்படித் தேடுவது?

கூட்டுத்தொகை ஒற்றைப்படை, ஆகவே ஒன்று இரட்டை வர்க்கம், மற்றது ஒற்றை வர்க்கம். 624101ஐ 8ஆல் வகுத்தால் மீதி 5. ஒற்றை வர்க்கம் எப்போதும் 8ஆல் மீதி 1 தரும், எனவே இரட்டை வர்க்கம் மீதி 4 தர வேண்டும். அதாவது அந்த இரட்டை எண் 4ஆல் வகுபடாது. கடைசி இலக்கத்தைப் பார்த்தால், வர்க்கங்கள் 0, 1, 4, 5, 6, 9இல் முடியும்; இரட்டை வர்க்கத்தையும் ஒற்றை வர்க்கத்தையும் கூட்டி 1இல் முடிய வேண்டுமென்றால் 0+1 அல்லது 6+5 மட்டுமே வழி. முதல் வழியில் இரட்டை எண் 790, 770, 750 என்று இருபது இருபதாக இறங்கும். இரண்டாவதில் ஒற்றை வர்க்கம் 25இல் முடியும், எனவே இரட்டை வர்க்கம் 76இல் முடிய வேண்டும்; 4ஆல் வகுபடாதவற்றில் 26, 74 என முடியும் எண்கள் மட்டுமே தேறும்.

790க்குக் கீழே தேற வேண்டியவை வரிசையாக 774, 770, 750, 730, 726, 710, 690, 674, 670, 650… ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் 624101லிருந்து கழித்து, மிச்சம் வர்க்கமா என்று பாருங்கள். 774க்கு மிச்சம் 25025, வர்க்கம் அல்ல. 730க்கு 91201. இது 302இன் வர்க்கமான 91204க்கு மூன்று குறைவு. 'கிட்டத்தட்ட' என்பதற்கு இங்கே மதிப்பில்லை, விட்டுத் தள்ளுங்கள். பத்தாவதாக வரும் 650இல்:

624101 − 422500 = 201601 = 449²

ஆக 790² + 1² = 650² + 449². இரட்டைகளை ஒரு பக்கமும் ஒற்றைகளை மறு பக்கமும் கொண்டுபோங்கள்:

790² − 650² = 449² − 1²
140 × 1440 = 448 × 450

இரு பக்கமும் 2,01,600. முதல் காரணிகளான 140க்கும் 448க்கும் மீப்பெரு பொதுக் காரணி 28. 140 = 28×5, 448 = 28×16. அந்த 5ஐயும் 16ஐயும் வர்க்கித்துக் கூட்டுங்கள்: 25 + 256 = 281. அதுதான் காரணி.

624101 = 281 × 2221

281, 2221 இரண்டுமே பகா எண்கள். அறுபது வகுத்தல் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதைப் பத்துக் கழித்தலில் பிடித்தாகிவிட்டது.

இரட்டையோடு இரட்டையைத்தான் சேர்க்க வேண்டும். மறந்து 790ஐ 449ஓடு சேர்த்தால் 341 × 1239 = 649 × 651 என்று வரும். 341க்கும் 649க்கும் பொதுக் காரணி 11, மிச்சம் 31, 59. வர்க்கித்துக் கூட்டினால் 4442. இது 624101ஐ வகுக்காது என்று பதறாதீர்கள், இரண்டால் வகுத்தால் 2221 கிடைத்துவிடும்.

ஆய்லர் இதே வழியில் 1000009ஐ உடைத்தார்: 1000² + 3² = 972² + 235², விடை 293 × 3413. தொட்டபெட்டாவின் உயரமான 2637 மீட்டரை உடைத்தால் 3² × 293 வரும். அந்த 293 இங்கேயும் தலைகாட்டுகிறது என்பதைத் தவிர இதில் பொருள் எதுவும் இல்லை.

எப்போது இந்த வழி கைகொடுக்காது? உதகைக்கே கொடுக்காது. 643001ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1, எனவே மேலோட்டமாகப் பார்த்தால் வாய்ப்பு இருப்பதுபோலத் தெரியும். ஆனால் உள்ளே 83ம் 127ம் இருக்கின்றன. இரண்டும் 4ஆல் மீதி 3 தருபவை, ஒவ்வொன்றும் ஒரே முறை வருகிறது. அப்படிப்பட்ட பகா எண் ஒற்றைப்படை முறை வந்தாலே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. லவ்டேலின் 643003 இன்னும் தெளிவு: 4ஆல் மீதி 3, பார்த்த மாத்திரத்தில் இல்லை என்று சொல்லிவிடலாம்.

வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதி உடைக்கும் ஃபெர்மாவின் முறை பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 802² − 643001 = 203, வர்க்கமல்ல; 803² − 643001 = 1808, வர்க்கமல்ல; இப்படியே போக வேண்டும். இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்துக்கு அருகில் இருந்தால் மட்டுமே இது வேகம். 643001இல் வர்க்கமூலத்துக்கு மிக நெருங்கிய இணை 127 × 5063. அதைத் தொட 2595 வரை ஏற வேண்டும், மொத்தம் 1794 முயற்சி. நான்கைந்து முயற்சியில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பெரிய எண்களுக்கு

பத்திலக்க எண் என்றால் எல்லை ஒரு லட்சம்வரை போகும், அதற்குள் பகா எண்கள் 9592. கையால் வேண்டாம். லினக்ஸ் கணினியில் 'ஃபேக்டர்' என்ற கட்டளையைக் கொடுத்து எண்ணை அடித்தால் கண் இமைக்கும் முன் விடை வரும். ஆனால் இலக்கம் நூற்றுக்கணக்கில் போனால் கணினியும் திணறும். ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியக் குறியீட்டு முறையின் பெயரில் நடந்த எண் உடைக்கும் போட்டிக்காக வைத்திருந்த 250 இலக்க எண் 2020இல்தான் உடைந்தது, அதுவும் ஆயிரக்கணக்கான கணினிகளின் உழைப்பில்.

செய்து பார்க்க

குன்னூர் 643101: இலக்கக் கூட்டு 15, எனவே 3 உடனே வெளியே வரும். மிச்சம் 214367க்கு எல்லை 462. அடுத்த காரணி 47இல் இருக்கிறது. விடை 3 × 47 × 4561. 4561 பகா எண்தானா என்று பார்க்க 67 வரை போனால் போதும், அதிலும் 47லிருந்து தொடங்கினால் போதும்.

லவ்டேல் 643003: உதகை எண்ணுக்குக் குறித்து வைத்த மீதிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இது அதைவிட இரண்டு கூடுதல் மட்டுமே. 643001ஐ ஏதாவது ஒரு பகா எண்ணால் வகுத்தபோது அந்தப் பகா எண்ணைவிட இரண்டு குறைவாக மீதி வந்திருந்தால், அதே பகா எண் இங்கே மீதியின்றி வகுக்கும். 41ஆல் வகுத்தபோது வந்த மீதி 39.